காலர்க்காரி கற்றுக்கொண்ட முடிச்சு

சட்டைக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் காலர்க்காரி. பதினாறு வருஷமாக அவள் செய்துவந்த வேலை ஒன்றே ஒன்றுதான். முன்பக்கமும் முதுகும் மூட்டி, கழுத்து மட்டும் வெறுமையாக இருக்கும் சட்டை அவள் மிஷினுக்கு வரும். அவள் அதில் காலரை வைத்து, ஒரு முனையில் ஊசியை இறக்கினால் மறு முனையில்தான் மிதியிலிருந்து காலை எடுப்பாள். நாளைக்கு இருநூற்றைம்பது கழுத்து. கோணல் என்று ஒரு சட்டை திரும்பி வந்தது கிடையாது. பக்கத்து மிஷினில் பட்டன் வைப்பவளை எல்லோரும் பட்டன்காரி என்பார்கள். "நம்ம காலர்க்காரி கண்ணைக் கட்டிவிட்டாலும் தைப்பா" என்று அவள் பெருமையடித்துக்கொள்வாள், என்னவோ தானே கற்றுக்கொடுத்த மாதிரி.

இப்படி யார் யார் கழுத்துக்கோ காலர் வைத்தவளுக்கு, அந்தக் காலரைச் சுற்றி ஒரு டையை எப்படிக் கட்டுவது என்று மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அதைக் கற்றுக்கொள்ளாமலே அவள் காலம் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கற்றுக்கொண்டாளே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இத்தனைக்கும் வீட்டிலேயே ஒரு டைக்காரர் இருந்தார். அவள் புருஷனைத் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். பெரிய ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருஷமாக நின்றவர். மூன்று மாடி ஏறி இறங்கும் அந்தக் குடியிருப்பில் காலை ஆறரை மணிக்குக் கருநீல டையோடு படியிறங்குகிற ஆள் அவர் ஒருவர்தான். முதலில் கேலியாக வைத்த பெயர்; போகப் போக மரியாதையாகிவிட்டது. பால் கொண்டுவருபவர் முதல் கீழ்வீட்டுக் கிழவர் வரை "டைக்காரர் போயாச்சா, அப்ப மணி ஆறரை" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

கண்ணாடி முன்னால் அவர் நிற்கிற நேரம் பத்து விநாடிகூட இருக்காது. கை ஒருமுறை குறுக்கே போகும், ஒருமுறை பின்னால் போகும், மேலே ஏறும், இறங்கும், ஒரு இழுப்பு. கடைசியில் முடிச்சுக்குக் கீழே ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்துவார். துணியில் சின்னதாக ஒரு குழி விழும். அந்தக் குழி இல்லாவிட்டால் அவிழ்த்து மறுபடி கட்டுவார். "குழி விழலைன்னா அது டை இல்ல, வெறும் கயிறு" என்பார். அவள் அந்த நேரத்தில் சமையலறையில் இரண்டு சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருப்பாள். ஒரு நாளாவது எட்டிப் பார்த்தாளா என்றால் இல்லை. பார்க்க என்ன இருக்கிறது, நாளைக்கும் கட்டத்தானே போகிறார் என்று இருந்துவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி சுமாருக்கு, வந்த விருந்தாளி ஒருவருக்கு அறைச் சாவியை நீட்டினார். சாவி கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவளிடம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். அதில் அவருடைய கடிகாரம், பெயர் பொறித்த வில்லை, இரண்டாக வெட்டப்பட்ட டை. மூச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கத்தரியால் வெட்டியிருக்கிறார்கள். முடிச்சு முழுசாக அப்படியே இருந்தது, குழியோடு. வெட்டிய இடத்தில் உள்ளே வைத்த கேன்வாஸ் துணி வெளியே தெரிந்தது. அவள் அழவில்லை. கேன்வாஸ் நல்ல தரம் என்று நினைத்தாள். எதை நினைப்பதென்று தெரியாதபோது மனசு இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்கிறது.

உயிர் தப்பியது. பேச்சு முதலில் குழறி, பிறகு திருந்தியது. வலது கால் மூன்று மாதத்தில் ஓரளவு வழிக்கு வந்தது. வலது கைதான் வரவில்லை. தோளை அசைப்பார், முழங்கையைக் கொஞ்சம் மடக்குவார். விரல்கள் மட்டும் பாதி மூடியபடியே இருந்தன. கொடுத்ததை வாங்காது, வாங்கினதை விடாது.

ஹோட்டலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆறு மாத விடுப்பு. அது முடிவதற்குள் ஹோட்டல் டாக்டர் பரிசோதிப்பார். தகுதி என்று அவர் எழுதிக்கொடுத்தால் அதே மேசை, அதே வேலை. இல்லையென்றால் உடல்நிலை காரணமாக ஓய்வு. கடிதத்தை அவர் நாலைந்து முறை படித்தார். பிறகு இடது கையாலேயே மடித்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த மேசைக்குப் பின்னாடி போய் நின்னுட்டேன்னா போதும், மத்ததெல்லாம் தன்னால வந்துரும்" என்றார்.

"போவீங்க. நான் சொல்றேன், போவீங்க" என்றாள் அவள்.

போகவில்லை என்றால் மனுஷன் என்ன ஆவார் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் அவர் அதிகம் பேசாதவர். அங்கே போனால்தான் நாக்கு அவிழும். எத்தனை ஊர்க்காரர்கள், எத்தனை கோபக்காரர்கள், அறை பிடிக்கவில்லை என்று கத்துகிறவர்கள், எல்லோரையும் சிரிக்கவைத்து அனுப்புவார். அந்த மேசைதான் அவருக்கு வாய், கை, கால் எல்லாம். அதனால் அந்த ஆறு மாதமும் அவளுக்கு ஒரே நினைப்புதான்: இவரை எப்படியாவது திரும்ப அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வந்தாள். சின்ன வயசு, கறார் பேர்வழி. ஸ்பூனைப் பிடிக்கச் சொன்னாள், பட்டன் போடச் சொன்னாள், இடது கையால் கையெழுத்துப் பழகச் சொன்னாள். அவர் பட்டனோடு மல்லுக்கட்டும்போது காலர்க்காரியின் கை தானாக நீளும். பிசியோப் பெண் பார்வையாலேயே தடுப்பாள்.

"அக்கா, உங்க கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு நில்லுங்க. அரை மணி ஆனாலும் அவரே போடட்டும்."

"பாக்க கஷ்டமா இருக்கும்மா."

"பாக்காதீங்க. போய் டீ போடுங்க."

வேலைக்கு அவர் என்ன உடுத்துவார் என்று ஒரு நாள் பிசியோப் பெண் கேட்டாள். டை என்றதும் பையிலிருந்து துணி காயப்போடுகிற கிளிப் ஒன்றை எடுத்தாள், சாதாரண நீலக் கிளிப். புது டை ஒன்றை அவர் கழுத்தில் போட்டு, அதன் மெல்லிய முனையைச் சட்டையோடு சேர்த்து மூன்றாவது பட்டனுக்குப் பக்கத்தில் கிளிப்பால் கவ்வவிட்டாள். "இப்ப இது நகராது. வலது கையோட வேலையை இது பாத்துக்கும். நீங்க அகல முனையை மட்டும் இடது கையால சுத்துங்க. குறுக்கே, பின்னாடி, திரும்ப குறுக்கே, கழுத்துக்குக் கீழயிருந்து மேலே, அப்புறம் முன்னாடி இருக்கிற வளையத்துக்குள்ள இறக்கி இழுங்க. தினமும் பத்துத் தடவை. ஒரு மாசத்துல வந்துரும்" என்றாள். பரிசோதனைக்கு அன்றைக்குச் சரியாகப் பதினோரு வாரம் இருந்தது.

மறுநாள் காலை அவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து வலது கைக்காரர். இடது கை வேறு யாருடைய கையோ போல நடந்துகொண்டது. குறுக்கே போனது. பின்னால் போகும்போது நழுவியது. மறுபடி. மறுபடி. நெற்றி வேர்த்து, வாயோரம் எச்சில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை, கையில் டை இருந்தது. நாற்பது நிமிஷம் கழித்து ஒரு உருண்டை வந்தது, காதுக்குக் கீழே. அவர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் குழி விழாவிட்டால் அவிழ்த்துக் கட்டிய மனுஷன்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், கல்லாக்கிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

"குடுங்க இப்படி. எப்படின்னு சொல்லுங்க, நான் கட்டிவிடுறேன்."

"அந்தப் பொண்ணு திட்டும்."

"அது கிடக்குது. சொல்லுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் சொல்ல அவள் கட்டினாள். "அகலமானது வலது பக்கம்" என்பார். அவள் தன் வலது பக்கம் தொங்கவிடுவாள். "என் வலதும்மா, உன் வலது இல்ல." "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கோம், வலது மட்டும் ஏன் வேற வேறயா இருக்கணும்?" என்பாள் அவள். அவர் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புதான் அவளைக் கெடுத்தது என்பேன் நான்.

முதல் வாரம் ஒன்றும் சரியாக வரவில்லை. ஒரு நாள் அகல முனை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. ஒரு நாள் முழங்காலைத் தொட்டது. ஒரு நாள் முடிச்சை இறுக்குகிறேன் என்று மனுஷனின் கழுத்தையே இறுக்கிவிட்டாள். "ஸ்ட்ரோக்குல தப்பிச்சவனை நீ அனுப்பிருவ போலிருக்கே" என்றார் அவர், இருமிக்கொண்டே. அவள் விடவில்லை. காலர் தைக்கிறவளுக்கு ஒரு துணி அடங்காமல் போவதாவது. கம்பெனியில் காலர் அளவு சரிபார்க்க வைத்திருக்கும் தலையில்லாத பொம்மையின் கழுத்தில், சாப்பாட்டு நேரத்தில் டையைப் போட்டுப் பழகினாள். ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு இருபத்தைந்து நிமிஷம் கட்டுவாள், அவிழ்ப்பாள்.

பட்டன்காரி பக்கத்தில் நின்று பார்த்தாள். "பொம்மைக்கு என்ன இன்டர்வியூவா?" என்றாள் முதலில். விஷயம் தெரிந்ததும் கேலியை நிறுத்திவிட்டு, பல் குத்திக்கொண்டே ஒன்று கேட்டாள்.

"வேலைக்குப் போகப்போறது அவரு. நீ ஏன்டி கத்துக்கிற?"

"அவருக்கு வரலைடி."

"உனக்கு மட்டும் முதல் நாளே வந்துச்சா?"

காலர்க்காரிக்குச் சுருக்கென்றது. ஆனால் மணி அடித்துவிட்டது. எல்லோரும் மிஷினுக்கு ஓடினார்கள். அந்தக் கேள்வியும் சாப்பாட்டு டப்பாவோடு மூடிவைக்கப்பட்டுவிட்டது.

பன்னிரண்டாவது நாள் அவளுக்கு முடிச்சு படிந்தது. குறுக்கே, பின்னால், குறுக்கே, மேலே, கீழே. இழுத்துவிட்டு ஆள்காட்டி விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. அவர் கண்ணாடியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. "குட் மார்னிங் சார், உங்க அறை தயாரா இருக்கு" என்றார் கண்ணாடியைப் பார்த்து, பழைய குரலில். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

அன்று முதல் தினமும் காலை ஆறேகாலுக்கு அவள் அவருக்கு டை கட்டினாள். போக இடமில்லாவிட்டாலும் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவார். அவர் மோவாயை உயர்த்துவார், அவள் கை குறுக்கே போகும். இருபத்தேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு பக்கத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் தினமும் பார்த்தது அந்த நாட்களில்தான். அது அவளுக்குப் பிடித்திருந்தது. இதை ஒளிக்க வேண்டியதில்லை, அவருக்கும் பிடித்திருந்தது. நீலக் கிளிப் பால்கனிக் கொடிக்குப் போய்விட்டது. அதில் அவருடைய கைக்குட்டைகள் காய்ந்தன.

மற்றப் பயிற்சிகளை அவர் ஒழுங்காகச் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இடது கையால் கையெழுத்து திருந்தியது. கம்ப்யூட்டரில் இடது கையாலேயே தட்டப் பழகினார். படி ஏறினார், இறங்கினார். சட்டைப் பட்டன்கூட எட்டு நிமிஷத்தில் போட்டுவிடுவார். டை மட்டும்தான். அது ஒன்று போனால் என்ன, அதற்குத்தான் நான் இருக்கிறேனே என்று அவள் நினைத்தாள்.

பிசியோப் பெண்ணின் கடைசி நாள் வந்தது. அவள் உள்ளே வரும்போது அவர் டையோடு உட்கார்ந்திருந்தார். முடிச்சு நேராக, குழியோடு இருந்தது. அவள் முகம் மலர்ந்துபோனது.

"அட, சார். நீங்களே கட்டினீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். ஒரு விநாடிதான். அந்த விநாடிக்குள் காலர்க்காரி முந்திக்கொண்டாள். "ஆமாம்மா, அவருதான். தினமும் அவரேதான் கட்டுறாரு."

ஏன் சொன்னாள்? அந்தப் பெண் திட்டுவாள் என்ற பயம் பாதி. அந்த முகத்து மலர்ச்சியைக் கெடுக்க மனசில்லாதது பாதி. யாருக்குக் கெடுதல், போகிற பெண்ணுக்கு ஒரு திருப்தி என்று நினைத்தாள். அவர் தரையைப் பார்த்தார். பிசியோப் பெண் தன் அறிக்கையில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: உடையைத் தானே அணிகிறார், டை உட்பட. எழுதி, ஒரு நகலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பரிசோதனை ஒரு புதன்கிழமை. விடுப்பு அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவள் கம்பெனியில் அரை நாள் சொல்லிவிட்டு, அவருக்குப் பார்த்துப் பார்த்து டை கட்டிவிட்டு, கூடவே போனாள். ஹோட்டல் டாக்டரின் அறை சின்னது. ஒரு மேசை, எடை பார்க்கும் கருவி, சுவரில் பெரிய கடிகாரம். டாக்டர் நல்ல மனுஷர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவளையும் உள்ளேயே உட்காரச் சொன்னார்.

நடக்கச் சொன்னார், நடந்தார். ஒரு தாளைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார், தடங்கல் இல்லாமல் படித்தார். கையெழுத்து, கம்ப்யூட்டர், சுவரிலிருந்து சாவியை எடுத்துத் தருவது, எல்லாம் ஆயிற்று. "கை ஒண்ணு குறைஞ்சாலும் ஆள் முழுசா இருக்கீங்க" என்று டாக்டர் சிரித்தார். அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, முடிந்தது, முடிந்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

டாக்டர் ஹோட்டல் படிவத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: சீருடையைத் தானே அணிய முடியுமா? அவர்கள் கொண்டுவந்திருந்த பிசியோப் பெண்ணின் அறிக்கையைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார்.

"டைகூட நீங்களே கட்டுறீங்களா? ஒத்தைக் கையால? நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. ஒரு தடவை அவிழ்த்துக் கட்டிக் காட்டுங்களேன்."

சந்தேகப்பட்டுக் கேட்டதல்ல. ஆசைப்பட்டுக் கேட்டது. அதுதான் வயிற்றெரிச்சல். அந்த வரி அறிக்கையில் இல்லாதிருந்தால் அந்த மனுஷர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்.

டைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக இடது கையால் முடிச்சைத் தளர்த்தி அவிழ்த்தார். டை இரண்டு பக்கமும் தொங்கியது. கிளிப் இல்லை; அது வீட்டில் கொடியில் கைக்குட்டையைக் கவ்விக்கொண்டிருந்தது. அவர் மெல்லிய முனையை எப்படியோ வலது கையின் மூடிய விரல்களுக்கிடையே செருகினார். அகல முனையை இடது கையில் எடுத்தார்.

குறுக்கே போனது. பின்னால் போனது, நழுவியது. மறுபடி எடுத்தார். கடிகாரம் சத்தமாக ஓடியது. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவசரமே இல்லாதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்தார். ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். மூன்றாவது தடவை, குறுக்கே போய், பின்னால் போய், மறுபடி குறுக்கே வந்துவிட்டது. மோவாயால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கழுத்துக்கடியில் விரலை நுழைக்கப் பார்த்தார். நெற்றி வேர்த்தது. வாயோரம் எச்சில் இறங்கியது.

அந்த எச்சிலைத்தான் அவள் பார்த்தாள். வேறெதுவும் பார்க்கவில்லை. எப்போது எழுந்தாள், எப்போது அவர் முன்னால் போய் நின்றாள் என்று இன்றுவரை அவளால் சொல்ல முடியாது. முந்நூறுக்கு மேற்பட்ட தடவை கட்டிய கை. அதற்கு யோசனை தேவைப்படவில்லை. குறுக்கே, பின்னால், குறுக்கே, மேலே, கீழே. இழுத்து, ஆள்காட்டி விரலால் அழுத்தி, குழியை வைத்து, தன் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். பத்து விநாடி. அப்புறம்தான் அறை அமைதியாக இருப்பது அவளுக்கு உறைத்தது.

டாக்டர் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அறிக்கையைப் பார்த்தார். விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை.

"அம்மா, நான் அவருக்கு நேரம் குடுத்துக்கிட்டுதானே இருந்தேன்" என்றார்.

அவள் புருஷன்தான் பேசினார். "அவமேல தப்பில்ல டாக்டர். எனக்குத்தான் சோம்பேறித்தனம். பழகலை. ஒரு மாசம் குடுங்க, பழகிடுறேன்."

"குடுக்க என்கிட்ட மாசம் இல்லையே சார். வெள்ளிக்கிழமை விடுப்பு முடியுது. டையை விடுங்க, அது இல்லாமகூட நான் எழுதிக் குடுத்திருப்பேன். ஆனா இந்த ரிப்போர்ட்ல இது ஒண்ணு உண்மை இல்லைன்னு கண்ணால பாத்துட்டேன். மத்ததை நான் எதை நம்பி எழுதுறது? தனியா நிக்கிற மேசை அது. நாளைக்கு ஒண்ணுன்னா கேக்குறது என்னைத்தான்." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். பேனாவைத் திறந்து அவர் எழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பஸ் போய்விட்டது. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் கெடுத்துட்டேன்" என்றாள்.

அவர் இடது கையால் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நீ கட்டிவிட்டா நல்லா இருந்துச்சு. அதான் நானும் விட்டுட்டேன்" என்றார். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. மூன்றாவது பஸ்ஸில் ஏறினார்கள்.

ஓய்வுக் கடிதம் அடுத்த வாரம் வந்தது. வரவேற்பு மேசைக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்று கூட வேலை செய்தவர் ஒருவர் போனில் சொன்னார். தெருவில் அவரை எதிரில் பார்க்கிறவர்களுக்கு டைக்காரர் என்று கூப்பிட வாய் வரவில்லை. கீழ்வீட்டுக் கிழவர் மட்டும் பழக்கதோஷத்தில் ஒரு நாள் கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடிதம் வந்த மறுநாள் காலை அவள் வழக்கம்போல டையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். எழுந்து, காலை இழுத்து இழுத்து பால்கனிக்குப் போனார். கொடியிலிருந்து நீலக் கிளிப்பைக் கழற்றினார். கைக்குட்டை கீழே விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டார். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மெல்லிய முனையைச் சட்டையோடு கவ்வவிட்டார்.

"நீ கம்பெனிக்குக் கிளம்பு" என்றார்.

அவள் போனாள். மாலை திரும்பி வந்தபோதும் அவர் கண்ணாடி முன்னால்தான் இருந்தார். மறுநாளும் அப்படியே. எதற்காக என்று அவள் கேட்கவில்லை. சில நாள் டை தரையில் கிடக்கும், மனுஷர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அப்போதெல்லாம் அவள் அதை எடுத்து, நீவி, நாற்காலியின் முதுகில் போட்டுவைப்பாள். அதற்கு மேல் தொடமாட்டாள்.

ஒரு காலை, சாப்பாட்டு டப்பாவை மூடும்போது, உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏம்மா, இங்க வா."

போனாள். அவர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் டை. முடிச்சு நடுவில், நேராக. கீழே குழி.

"பாரு" என்றார். "குழிகூட விழுந்திருக்கு."

அவள் பார்த்தாள். வாய் சிரித்தது, மனசு கணக்குப் போட்டது. போடாதே என்று அதட்டினாலும் அது கேட்கவில்லை. கடிதம் வந்த மறுநாளிலிருந்து எண்ணினாள். பத்தொன்பது நாள். பிசியோப் பெண் கிளிப்பைக் கொடுத்தபோது கையில் இருந்தது பதினோரு வாரம். தேவைப்பட்டது பத்தொன்பது நாள்தான். அதையும் அவள் கொடுக்கவில்லை.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். "குட் மார்னிங் சார்" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சுவரில் மணி ஆறரை. கீழே யாரோ படியிறங்குகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"ஒருவேளை குருட்டாம்போக்குல வந்திருக்கும்" என்றார். "அவிழ்த்துட்டு இன்னொரு தடவை கட்டிக் காட்டவா?"

"கட்டுங்க."

"உனக்கு நேரமாகுமே."

"ஆகட்டும்."

அவர் அவிழ்த்தார். கிளிப்பை மூன்றாவது பட்டன் பக்கத்தில் கவ்வவிட்டு, அகல முனையை இடது கையில் எடுத்தார். குறுக்கே போனது. பின்னால் போகும்போது ஒருமுறை நழுவியது, மறுபடி எடுத்தார். வாயோரம் லேசாக எச்சில் இறங்கியது. அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்து, விரல்கள் வெளுக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கிற வரைக்கும் நின்றாள்.